மாடியில் ஒரு மரத்தரை

மார்ச் 10, 2024, ஞாயிறு

துணி காயப்போடக் கதவைத் தாண்டி வெளிமாடியில் கால் வைத்தேன், சுர்ரென்று பிடித்துக்கொண்டது. காலை வெயிலுக்கே டைல்ஸ் இந்தச் சூடு. நான் கொடி வரை குதித்துக் குதித்துப் போய் வந்ததை அவர் கட்டிலில் சாய்ந்தபடி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குன்னா ஒரு கால் தான் சுடும்," என்றார். "பாதி கஷ்டம் தான்."

வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை. அந்த வாய் உள்ளேயே கிடக்கிறது என்பது தான் பிரச்சினை. பூந்தமல்லி ரோட்டில் லாரி இடித்து வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தபோது கூட இவர் இப்படிச் சுருண்டு படுக்கவில்லை. செயற்கைக் கால் வந்தது, மாட்டிக்கொண்டு நடக்கப் பழகினார். டிசம்பர் மழையில் இந்த டைல்ஸ் மேல் வழுக்கி விழுந்தார் பாருங்கள், அதோடு சரி. கதவுக்கு அந்தப் பக்கம் வருவதே இல்லை. கால் பீரோவுக்குப் பக்கத்தில் சாய்ந்து நிற்கிறது. அதன் மேல் ஒரு சட்டை தொங்குகிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் பூபாலன் என்றால் எந்த மெஷினையும் பிரித்து மாட்டுகிற ஃபிட்டர். இப்போது ரிமோட்டைப் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கிறார்.

சாயங்காலம் தானாகவே சொன்னார். "கால் செஞ்சி குடுத்த எடத்துல கம்பி புடிச்சிகினு நடக்க உட்டாங்களே, அங்க கீழ பலகை போட்டிருந்தான் சுதா. அது மேல மட்டும் தான் பயமில்லாம நடந்தேன். பலகை காலைப் புடிச்சிக்குது. டைல்ஸு தள்ளி உடுது."

வெளிமாடி பன்னிரண்டுக்குப் பத்து அடி. மனசுக்குள் பலகை அடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

மார்ச் 13

ஃபேக்டரி பஸ்ஸில் ஆளாளுக்கு யோசனை. பிளாஸ்டிக் புல் விரிக்கச் சொல்கிறாள் ஒருத்தி. மழையில் நனைந்தால் அது என்ன நாற்றம் நாறும் என்று அவளுக்குத் தெரியாது. ரிஜெக்ட்.

மார்ச் 17, ஞாயிறு

பூந்தமல்லியில் கலீலுல்லா பாய் மரக்கடைக்குப் போனேன். எங்கள் வீட்டு நிலைக்கதவு அவரிடம் வாங்கியது. பாய் கேட்ட முதல் கேள்வி: "உள்ளயா, வெளியவா?" வெளியே என்றதும் கடையில் பாதி மரத்தைக் கையாலேயே ஒதுக்கிவிட்டார்.

தேக்கு போடலாமா என்றேன். "பழைய வைரம் பாஞ்ச தேக்குன்னா கண்ண மூடிகினு போடலாம்மா. இப்ப வர்றதுல ஓரம் பூரா வெள்ளைக் கட்டை. அது கரையானுக்கு நாம வைக்கிற விருந்து," என்றார். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து அச்சில் வார்த்த பலகையும் வைத்திருக்கிறார். பார்க்க அழகு, எண்ணெயே போட வேண்டாமாம். எனக்கு ஆசை வந்துவிட்டது. பாய் அதில் ஒரு துண்டையும் மலேசியா சால் என்கிற மரத்தில் ஒரு துண்டையும் வெயிலில் போட்டுவிட்டு டீ சொன்னார். டீ குடித்து முடித்ததும், "செருப்பக் கழட்டிட்டு நில்லுங்க," என்றார்.

பிளாஸ்டிக் பலகையில் நிற்க முடியவில்லை. தோசைக்கல். சால் மேல் நின்றேன். சுட்டது, ஆனால் நிற்க முடிந்தது.

"இது சுடவே சுடாதுன்னு பொய் சொல்ல மாட்டேன். கால் வெக்கலாம், அவ்ளோ தான்."

அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. சால் பலகையைத் தூக்கிப் பார்த்தேன், இரும்பு கனம். நகத்தால் கீறினேன், நகம் தான் உடைந்தது. வழுக்காமல் இருக்கக் கோடு கோடாகப் பள்ளம் போட்ட பலகை வேண்டும் என்றேன். அதற்கு அவர் கடைக்குப் பின்னால் கூட்டிப் போய், ஒரு மழைக்காலம் பார்த்த பழைய துண்டு ஒன்றைக் காட்டினார். பள்ளத்தில் எல்லாம் பச்சைப் பாசி, மண். தொட்டாலே வழுக்கியது. வழவழவென்று இழைக்காத சாதாரணப் பலகையே போதும் என்று முடிவு செய்தேன். என் வீட்டுக்காரருடைய உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை யோசித்து மரம் வாங்குகிறேன். மனுஷனுக்கு இன்னும் விஷயமே தெரியாது.

மார்ச் 18

சொன்னேன். "எனக்கு வேணும்னு கேட்டேனா?" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இவருக்கு இல்லாமல் கீழ்வீட்டு மைதிலிக்கா போடுகிறேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

மேனாம்பேட்டிலிருந்து ஆசாரி தங்கராஜ் வந்துவிட்டான். கட்டில், கதவு, அலமாரி எல்லாம் கண்ணாடி மாதிரி செய்கிற ஆள். மாடியில் தரை போடுவது அவனுக்கும் இது தான் முதல் தடவை. அவன் அதை மறைக்கவில்லை. போனில் நிறைய வீடியோ பார்த்துவிட்டு வந்திருந்தான்.

மாடியில் ஓட்டை போட்டால் மழைத்தண்ணீர் மைதிலி வீட்டுக் கூரையில் இறங்கும். அதனால் டைல்ஸ் மேல் ரப்பர் துண்டு வைத்து, அதன் மேல் சட்டம் ஓட்டி, சட்டத்தின் மேல் பலகை. வாசற்படியும் தரையும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும், அவர் கால் தூக்கி வைக்க வேண்டாம். ஸ்க்ரூ எல்லாம் எவர்சில்வர். சாதா இரும்பு போட்டால் இந்த மரத்தின் சாறு பட்டுக் கறுப்புக் கறுப்பாக ஒழுகுமாம்.

பலகைக்கும் பலகைக்கும் நடுவில் கொஞ்சம் விடுவதா என்று ஒரு பேச்சு வந்தது.

"வீடியோல எல்லாரும் கேப் உடறான் மேடம். நாம ஒரு நூல் உடலாமா?" என்றான். நூல் என்றால் அரைக்கால் அங்குலம்.

"கேப்ல அவரு கால் மாட்டினா நீ வந்து தூக்குவியா?" என்றேன்.

"அதுவும் சரி தான். எனக்கும் கேப் உட்டா கை அரிக்கும். பாக்கறவன், வேலை தெரியாதவன் போட்டதும்பான்."

ரெண்டு பேருக்கும் திருப்தி. எங்கள் ஃபேக்டரி ஆய்வுப் பிரிவில் ரெண்டு பாகம் சேருகிற இடத்தில் இடைவெளி தெரிந்தால் நான் கையெழுத்துப் போட்டதே இல்லை. வீட்டில் மட்டும் போடுவேனா?

மே 5, ஞாயிறு

முடிந்தது. சுவரிலிருந்து கைப்பிடிச் சுவர் வரை செம்மண் நிறத்தில் ஒரே தகடு மாதிரி இருக்கிறது. ஃபீலர் கேஜை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இடுக்கு அளப்பதற்கு மெல்லிய எஃகு இதழ்கள் கோத்த சின்னக் கட்டு அது. இருப்பதிலேயே மெல்லிய இதழ் கூட எந்த இடுக்கிலும் இறங்கவில்லை.

"பாஸா மேடம்?" என்றான் தங்கராஜ், வேர்வையைத் துடைத்துக்கொண்டு.

பாஸ் என்றேன். இவ்வளவு சந்தோஷமாக அந்த வார்த்தையைச் சொல்லி ரொம்ப நாளாகிறது.

மே 8

எண்ணெய் போட்டேன். எங்கள் ஃபேக்டரி பெயின்ட் பிரிவு ஆட்கள், கெட்டியாக வார்னிஷ் அடி, பளபளவென்று இருக்கும் என்றார்கள். பாய் போனிலேயே தடுத்துவிட்டார். மேலே தோல் மாதிரி படிகிற எதுவும் நம்ம ஊர் வெயிலுக்கு உரிந்துவிடும், உரிந்த இடத்தில் தண்ணீர் உள்ளே புகுந்து உட்கார்ந்துகொள்ளும். மரத்துக்குள் இறங்குகிற எண்ணெய் தான் சரி. மெல்லிசாகத் தடவி, குடிக்க விட்டு, மிச்சத்தைத் துடைத்து எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பிசுபிசுக்கும். துடைத்த துணியைச் சுருட்டிப் போடக் கூடாது, தானே சூடேறிப் பற்றிக்கொள்ளுமாம். தண்ணீரில் நனைத்து விரித்துக் காயவைத்தேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது: "நாத்தம் தாங்கல."

மே 19, ஞாயிறு

வரவில்லை. ரெண்டு வாரம் ஆகிவிட்டது. கதவைத் திறந்து வைக்கிறேன், அவர் மூடச் சொல்கிறார். காபியை வெளியே கொண்டுபோய் வைத்தேன், ஆறிப்போன காபியை நானே குடித்தேன். கால் பீரோ பக்கத்தில் அப்படியே. சட்டை மட்டும் மாறியிருக்கிறது.

இன்னைக்குக் கத்திட்டேன். யாருக்குய்யா கட்டினேன், எனக்கா, நான் என்ன சாயங்காலம் காத்து வாங்கற ஆளா, ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா எனக்கு இடுப்பு நிக்கல. அவரு டிவி சத்தத்தக் கூட ஏத்தல. அது தான் பயமா இருக்கு.

மே 26, ஞாயிறு

வந்தார்.

நான் குளியலறையில் இருந்தேன். டொக், அப்புறம் ஒரு மெத்தென்ற சத்தம், மறுபடி டொக். ரப்பர் பாதம் பலகையில் படுகிற சத்தம் டைல்ஸ் சத்தம் மாதிரி இல்லை. ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும் போல் இருந்தது, போகவில்லை. பார்த்தால் திரும்பிப் போய்விடுவார், எனக்குத் தெரியும். குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அழுதேன் என்று எழுதலாம், யார் பார்க்கப் போகிறார்கள்.

வெளியே வந்தபோது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றிருந்தார். இடது கால் வெறுங்கால். "இன்னா சுதா, எதிர் ஊட்டுக்காரன் மாடி எடுத்துக் கட்டிட்டான், சொல்லவே இல்ல," என்றார்.

ஜூன் 6

சாயங்காலம் நல்ல மழை. கீழேயிருந்து மைதிலி அலறாத குறையாகக் கூப்பிட்டாள். "அக்கா, மாடில இன்னா பண்றீங்க? பைப்புல செகப்பா வருது."

எட்டிப் பார்த்தேன். மழைநீர்க் குழாயிலிருந்து ரத்தம் மாதிரி ஒழுகி, அவள் போன மாசம் அடித்த வெள்ளைச் சுவரெல்லாம் வழிந்திருக்கிறது. அதற்குள் அவர் தடியை ஊன்றிக்கொண்டு வந்து சுவர் மேல் சாய்ந்து பதில் சொல்கிறார்: "ஒண்ணும் இல்ல மைதிலி. மரம் வெத்தல பாக்கு போட்டுக்கீது, துப்பிடும். ரெண்டு மழை போனா சரியாய்டும்."

பாயும் போனில் அதே தான் சொன்னார். புது மரம் சாறு விடுமாம், கொஞ்ச நாளில் நிற்குமாம். சுவருக்கு நாங்களே சுண்ணாம்பு அடித்துக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டேன். மைதிலி சிரித்துவிட்டாள். டிசம்பருக்கு அப்புறம் அவர் வெளியாளிடம் வாயைத் திறந்தது இன்று தான். எத்தனை சுவர் வேண்டுமானாலும் அடிக்கலாம்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

காலையும் மாலையும் அவர் நடை தான். தடி பாதி நேரம் சுவரில் சாய்ந்திருக்கிறது. எனக்கு உத்தரவு வேறு: துளசித் தொட்டியைப் பலகை மேல் நேராக வைக்காதே, வட்டமாகக் கறை விழும், கீழே கட்டை கொடு. கூட்டும்போது பலகை போகிற பக்கமே கூட்டு, குறுக்கே இழுக்காதே. காக்கா எச்சத்தை அன்றைக்கே துடை. என் தரையில் எனக்கே சட்டம்.

இருக்கட்டும். பேசட்டும்.

அக்டோபர் 17

மூணு நாளா விடாத மழை. ஷிஃப்ட் முடிஞ்சு நனைஞ்சுக்கிட்டே படி ஏறி வந்தா, தரை எழுந்து நிக்குது.

வாசலுக்கு நேரா, நடுவுல, பலகையெல்லாம் ஒண்ண ஒண்ணு நெருக்கி முதுகு தூக்கிடுச்சு. ரெண்டு எடத்துல ஸ்க்ரூ தலை தெறிச்சுக் கிடக்கு. ஒரு பலகை ஓரம் கத்தி மாதிரி மேல வந்திருக்கு. அவரு எங்க? விழுந்துட்டாரா? செருப்போட உள்ள ஓடினேன்.

கட்டில்ல இருந்தாரு. கால் கழட்டி பீரோ பக்கத்துல. விழல. மதியம் டொக்கு டொக்குன்னு சத்தம் கேட்டு எட்டிப் பாத்திருக்காரு, அவர் கண்ணு முன்னாடியே ஒரு பலகை மேல வந்திருக்கு. கதவ மூடிட்டுத் திரும்பிட்டாரு.

"இதுவும் அவ்ளோ தானா?" அப்படின்னு மட்டும் கேட்டாரு.

தங்கராஜுக்குப் போன் போட்டுக் கிழிச்சிட்டேன். நீயெல்லாம் ஒரு ஆசாரியா, நொண்டி மனுஷன் நடக்கற எடம்யா அது, பணத்துக்குக் கண்ணு தெரியுது பலகைக்குத் தெரியலயா... இன்னும் என்னென்னவோ. நொண்டி என்ற வார்த்தையை அவர் காதில் விழும்படி நான் தான் சொல்லியிருக்கிறேன். இதுவரை யாரும் சொன்னதில்லை.

அக்டோபர் 18

லீவு போட்டேன். அவர் பல் கூட விளக்கவில்லை. மழை சற்று விட்டிருந்தது.

கட்டிலுக்கு அடியில் மிச்சப் பலகை ஒன்று கிடக்கிறது, மே மாதம் வெட்டிப் போட்டது. ஏன் தோன்றியது என்று தெரியவில்லை, அளவுக் கருவியை எடுத்து அதன் அகலத்தை அளந்தேன். அப்புறம் வெளியே போய்த் தூக்கிக்கொண்டு நிற்கிற பலகையை அளந்தேன். ஒரே மரம், ஒரே மெஷினில் அறுத்தது. வெளியே இருப்பது மூன்று மில்லிமீட்டர் அகலம் கூட. இன்னொன்றை அளந்தேன். அதுவும் அப்படியே. மொத்தம் முப்பத்தாறு பலகை. ரெண்டு பக்கமும் சுவர்.

ஏன்டி சுதா. மரம் தண்ணி குடிச்சா உப்பாதா? உடும்புப் பிடியா இறுக்கிக் கட்டினா அது எங்க போகும், மேல தான போகும். அவன் ஒரு நூல் விடலாமான்னு கேட்டான்ல. மே மாச வெயில்ல காஞ்சு கருவாடா இருந்த மரத்த, மெல்லிய இதழ் கூடப் போகாத மாதிரி அடிக்க வெச்சது யாரு? நான். ஃபேக்டரியில இரும்ப அளந்து அளந்து, மரத்தயும் இரும்புன்னு நெனச்ச புத்தி.

அவரிடம் போய்ச் சொன்னேன். சொல்லாமல் தங்கராஜ் மேலேயே விட்டுவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். ரெண்டு பலகையையும் அளந்த அளவைக் காட்டினேன். ரெண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரிக்கிறார் மனுஷன்.

"ஊரெல்லாம் ரிஜெக்ட் பண்ணவ, நீ பாஸ் பண்ணது ஒண்ணே ஒண்ணு. அது ஊட்டத் தூக்கிகினு நிக்குது."

"சிரிங்க. நல்லாச் சிரிங்க," என்றேன். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"மரம் கெட்டுப் போச்சா?" என்று கேட்டார். இல்லை, மரம் நன்றாகத் தான் இருக்கிறது, இடம் தான் இல்லை என்றேன்.

கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப இன்னாத்துக்கு அழுதுகினு கீற? பிரிச்சி மாட்டினா ஆச்சு. அந்த ஸ்க்ரூ மெஷின எடு."

அக்டோபர் 20, ஞாயிறு

வெயில். தங்கராஜ் வந்தான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. படியிலேயே அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மேடம்," என்றான், முகம் இறங்கவில்லை. அவர் தான் உள்ளேயிருந்து, "மச்சான், அவ என்னயும் அப்டித்தான் திட்டுவா. உன்ன ஒரு நாள், என்ன டெய்லி. உள்ள வா," என்றார். அதற்கப்புறம் தான் பையன் டீ வாங்கிக்கொண்டான்.

அவர் காலை மாட்டிக்கொள்ளவில்லை. கழற்றி வைத்துவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து, கையை ஊன்றி நகர்ந்து பலகை மேல் வந்தார். தெருவுக்கே தெரியும் அந்த இடம். மாடி எடுத்த எதிர்வீட்டுக்காரர் நின்று பார்த்தார். வேட்டியை மடித்து விட்டுக்கொண்டு, அந்தக் குட்டைக் காலை நீட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்ற ஆரம்பித்தார். தலை தெறித்ததை எப்படிப் பிடித்து எடுப்பது என்று தங்கராஜுக்கே தெரியவில்லை. இவர் இடுக்கியால் பிடித்து, நுனியில் எண்ணெய் விட்டு, முன்னும் பின்னும் அசைத்து உருவிவிட்டார். இருபது வருஷக் கை அது, மறக்குமா?

பலகைக்கு அடியில் தேங்கின தண்ணீர், அழுகின வேப்பிலை, கறுப்புச் சேறு. போக வழி இல்லாமல் உள்ளேயே கிடந்திருக்கிறது. நான் வாரி வாரிக் கொட்டினேன். காற்றே போகவில்லை உள்ளே. அதுவும் என் கைங்கரியம் தான்.

எவ்வளவு இடம் விடுவது என்று பாயைப் போனில் கேட்டோம். "இப்ப ஊறி உப்பிகீது, அதனால ஒரு நூல் போதும். வெயில் காலத்துல அதுவே ரெண்டு நூலாய்டும், பயப்படாதீங்க. சொவத்துகிட்டயும் விரல் போற அளவு உட்டுடுங்க," என்றார். எனக்குப் பயம், தடி மாட்டாதா என்று. அவர் தடியின் ரப்பர் முனையை எடுத்து இடுக்கில் வைத்துக் காட்டினார். நாலு மடங்கு அகலம். இதை ஏப்ரலிலேயே பார்த்திருந்தால்.

ரெண்டு முழுப் பலகையை வெளியே எடுத்து, ஓரப் பலகையைக் கொஞ்சம் சீவிவிட்டால் மற்ற எல்லாவற்றுக்கும் இடம் வந்துவிடுகிறது. ஒரு நூல் கனத்தில் தகரத் துண்டுகளைத் தங்கராஜ் வெட்டித் தர, இவர் நடுவில் செருகிச் செருகி ஸ்க்ரூ இறக்கினார். சாயங்காலத்துக்குள் பாதி முடிந்தது. முதுகெல்லாம் சேறு, கையில் கொப்புளம். நான் தலைக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

"நாளைக்கு மிச்சத்த நானே போட்டுடுவேன். அவன வேற வேலை பாக்கச் சொல்லு," என்றார் கண்ணை மூடிக்கொண்டே.

டிசம்பர் 1, ஞாயிறு

நேற்றெல்லாம் புயல் மழை. விடிந்ததும் ரெண்டு பேரும் கதவைத் திறந்து பார்த்தோம். தரை கிடை மட்டமாகக் கிடக்கிறது. பலகை உப்பி இடைவெளி கோடு அளவுக்குச் சுருங்கியிருக்கிறது, ஆனால் இருக்கிறது. தண்ணீர் அதன் வழியாகவே இறங்கிப் போயிருக்கிறது. நான் அளக்கவில்லை. அவர் வெறுங்காலையும் ரப்பர் காலையும் மாற்றி மாற்றி வைத்து ஒரு சுற்று நடந்து வந்தார்.

"ஓகே," என்றார். அவ்வளவு தான் தீர்ப்பு.

ஜனவரி 26, 2025, ஞாயிறு

மரம் வெளுத்துச் சாம்பல் நிறத்துக்கு வருகிறது. எனக்குப் பார்க்கப் பாவமாக இருக்கிறது. அவருக்குப் பிடித்திருக்கிறதாம். நிறம் போனால் போகட்டும், பலம் போகாது என்று பாய் சொல்லிவிட்டார். மழைக்காலத்துப் பாசியை மெத்தென்ற பிரஷ், கொஞ்சம் சோப்புத் தண்ணீர் போட்டு அவரே தேய்த்தார். தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிற மெஷினை எதிர்வீட்டுக்காரர் தருகிறேன் என்றார். அது மரத்தின் நாரைக் கிளப்பிவிடும், காலில் சிலாம்பு குத்தி ஏறும் என்று இவர் அவருக்கு அரை மணி நேரம் பாடம் நடத்தினார். பாவம், உதவி செய்ய வந்தவர்.

நாலு நாள் காய விட்டு எண்ணெயும் போட்டாயிற்று. நாற்றம் தாங்கவில்லை என்று நான் சொன்னேன். கண்டுகொள்ளவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

பாய் கடை வாடிக்கைக்காரர்கள் ரெண்டு பேர் தங்கராஜோடு தரையைப் பார்க்க வந்தார்கள், காட்டுப்பாக்கத்தில் புது வீட்டு மாடிக்குப் போட வேண்டுமாம். நான் காபி கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அவர் பேச்சு நிற்கவே இல்லை: எந்த மரம், எந்த ஸ்க்ரூ, எந்த மாசத்தில் எவ்வளவு விட வேண்டும். "எங்க ஊட்ல ஒரு இன்ஸ்பெக்டர் இருந்தா, அவ இன்னா பண்ணான்னா..." என்று என் கதையும் போகிறது. கேட்காத மாதிரி இருந்துகொண்டேன்.

போகும்போது தங்கராஜ், "அண்ணாத்தே, அந்த வேலைக்கு ஒரு தடவ வந்து நின்னு சொன்னா போதும்," என்றான்.

"போடா. நான் படி எறங்கறதுக்குள்ள நீ ஊட்டையே கட்டி முடிச்சிடுவ," என்றார்.

சிரித்துக்கொண்டே தான் சொன்னார். ஆனால் அந்தப் படிக்கட்டைப் பற்றி நான் பேச்செடுத்தால் மட்டும் முகம் மாறிவிடுகிறது. போதும், மாடி வரை வந்ததே போதும், பேராசைப்படாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

மே 16, 2025

படிக்கட்டில் உட்கார்ந்து, கைப்பையில் இருந்த காகிதத்தில் எழுதுகிறேன். வீடு பூட்டியிருக்கிறது.

ஷிஃப்ட் முடிந்து ஏறி வந்து, எப்போதும் போல் கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. பூட்டு தொங்குகிறது. முதலில் புரியவே இல்லை, யாரோ வெளியிலிருந்து பூட்டி அவரை உள்ளே வைத்துவிட்டார்கள் என்று கதவைத் தட்டோ தட்டென்று தட்டினேன். போன் போட்டால் உள்ளே தான் அடிக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கட்டில் காலி. பீரோ பக்கத்தில் சட்டை மட்டும் ஆணியில் தொங்குகிறது.

அதற்குள் மைதிலி கீழேயிருந்து எட்டிப் பார்த்தாள். "அண்ணன் காலையிலயே கெளம்பிட்டாரே. கம்பியப் புடிச்சிகினு ஒவ்வொரு படியா எறங்கினாரு, நான் கிட்ட போனா வேணாம்னுட்டாரு. தங்கராஜ் வண்டில போனாங்க, காட்டுப்பாக்கத்துல பலகை அடிக்கறாங்களாம். உங்ககிட்ட சொல்லலயா?"

சொல்லவில்லை. சொன்னால் நான் அளக்க ஆரம்பித்துவிடுவேன் என்று பயந்திருப்பார்.

மைதிலி உள்ளே வந்து உட்காரச் சொன்னாள். இல்லை, இங்கேயே இருக்கிறேன் என்றேன். காபி கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். கால் வலிக்கிறது, பசிக்கிறது, வந்ததும் நன்றாகத் திட்ட வேண்டும், போனையாவது எடுத்துக்கொண்டு போகக் கூடாதா என்று. திட்டும்போது சிரிப்பு வராமல் இருக்க வேண்டும், அது தான் கஷ்டம்.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய நாளிலிருந்து நான் வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனதே இல்லை. எப்போது வந்தாலும் உள்ளே ஆள் இருப்பார்.

நாளைக்கு எனக்கும் ஒரு சாவி போட வேண்டும்.